அரிசியின் ஆயுளும் நோயாளியின் ஆயுளும்

ஜொகூர் பாருவில் தம்போய் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அங்கிருக்கும் மனநல மருத்துவமனைதான். 1930களில் கட்டப்பட்ட அந்த வளாகத்துக்கு இன்று பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி ஒருவரையொருவர் சீண்டும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, போனால் நல்லது. இத்தகைய மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் நோயாளிகள் உண்டு. அவர்கள் என்ன சாப்பிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. சமையற்கட்டு முடிவு செய்கிறது, சமையற்கட்டுக்கு அரிசி மண்டி முடிவு செய்கிறது. நோயாளியின் ஆயுளை நீட்டுவது மருத்துவத்தின் வேலை என்றும், தானியமும் பழமும் கெடாமல் வைப்பது வேளாண்மையின் வேலை என்றும் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் மலாயாவில், அதுவும் ஒரு மனநோய் விடுதியில், இந்த இரண்டும் ஒரே தட்டில் சந்தித்தன. அந்தத் தட்டில் இருந்தது நம் புழுங்கலரிசி.

நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது தவிட்டோடு கூடிய பழுப்பரிசி. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் காறல் வாடை வந்துவிடும். கப்பலில் ஏற்றி, கிடங்கில் அடுக்கி, மழைக்காலம் தாண்டி விற்க நினைக்கும் வணிகருக்கு இது பெரும் நட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரங்கூனிலும் பாங்காக்கிலும் நீராவி ஆலைகள் வந்தபோது இதற்கு வழி பிறந்தது. தவிட்டையும் முளையையும் சுத்தமாகத் தீட்டி எடுத்துவிட்டால் வெள்ளை அரிசி வெகுநாள் இருக்கும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். மலாயாவின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்தது இந்தச் சயாம் அரிசிதான். அரிசியின் ஆயுள் நீண்டது. அதை மட்டுமே உண்டு உழைத்தவர்களின் ஆயுளோ குறையத் தொடங்கியது.

அவர்களைப் பிடித்த பெரிபெரி என்னும் நோய் முதலில் காலில்தான் தெரியும். பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் வயிறு வரை ஏறி, இதயம் விரிந்து, ஒரே இரவில் மூச்சுத் திணறி உயிர் போய்விடும். லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். கிருமியா, ஈர மண்ணா, லயங்களின் நெரிசலா என்று மருத்துவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் மட்டும் வேறொன்றைக் கவனித்தார். அதே வெயில், அதே மழை, அதே நெரிசலில் வாழ்ந்த தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெரிபெரி அரிதாகவே வந்தது. அவர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி. நோய் சாப்பிடுகிறவரின் இனத்தில் இல்லை, அரிசியில் இருக்கிறது என்பது அவர் வாதம். 1907இல் அதைத் தடித்த நூலாகவே எழுதினார். வெள்ளை அரிசி கிடங்கில் கிடக்கும்போது ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். காரணத்தில் பிசகினார், அரிசியைக் குற்றவாளியாகப் பிடித்ததில் பிசகவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோய் விடுதி. முந்தைய மாதங்களில் அங்கே பெரிபெரி பரவிப் பலர் இறந்திருந்தார்கள். 1905ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்களிட்டார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் மறுபக்கம். ஒரு சாராருக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மற்றவர்களுக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டின் நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியின் பின்னாலேயே சென்றது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்தப் பக்கம் நோய் கண்ட இருவருக்கும் விடுதிக்குள் வரும்போதே நோய் இருந்தது. 1907இல் இந்த முடிவு லான்செட் இதழில் வெளியானது.

இந்தச் சோதனையை மருத்துவ வரலாற்றில் மெச்சி எழுதுகிறார்கள். எண்ணிட்டுப் பிரித்ததும் இடம் மாற்றிப் பார்த்ததும் அன்றைய நிலையில் மிகத் தெளிவான முறை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தப் பதினெட்டுப் பேரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. அவர்களிடம் சம்மதம் கேட்டவர் இல்லை. இந்தத் தட்டு வேண்டாம், அந்தத் தட்டு கொடு என்று கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. நோய் அரிசியோடு போகிறது என்பது பாதியிலேயே புலப்பட்டிருக்கும். அப்போதே நிறுத்தியிருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இன்று நடக்கும் மருத்துவச் சோதனைகளில் பாதி வழியில் கணக்குப் பார்த்து, ஒரு பக்கம் தெளிவாகத் தீங்கு தெரிந்தால் நிறுத்திவிடும் குழு ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும். காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஃபிளெட்சரின் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் சுமார் மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. அவர்கள் அங்கேயே நிற்காமல், தீட்டும்போது என்ன போகிறது என்று தேடினார்கள். நஞ்சு எதுவும் சேரவில்லை, தேவையான ஒன்று கழிந்துபோகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பொருள் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அரிசியில் பாஸ்பரஸ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால் அது எவ்வளவு தீட்டப்பட்டது, உண்ணத் தக்கதா என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். பெயர் தெரியாத பொருளுக்கு ஓர் அளவுகோல் கண்ட இந்த வேலை, மலாயாவில் நடந்த ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

ஜாவாவில் இதே தேடல் முன்பே நடந்திருந்தது. கிறிஸ்தியான் எய்க்மான் கோழிகளுக்கு வெள்ளைச் சோறு போட்டு நோய் வரவழைத்தார், வோர்டர்மன் சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார், கிரைன்ஸ் 1901இல் இது ஒரு பற்றாக்குறை என்று சொன்னார். 1912இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற பெயரை வைத்தார். 1926இல் ஜான்சனும் டொனாத்தும் பத்தேவியாவில் தவிட்டிலிருந்து அதன் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். தயாமின், அதாவது பி1 வைட்டமின், இப்படித்தான் நம் கைக்கு வந்தது.

புழுங்கலில் அந்தத் தயாமின் எப்படித் தங்குகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நெல்லை உமியோடு ஊறப்போடும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 நீரில் கரைகிறது. அந்த நீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. அவிக்கும்போது அரிசியின் மாவுப்பகுதி வெந்து பசையாகி, உள்ளே வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் சத்தின் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். கழுவும்போதும் பச்சரிசியில் போகிற அளவு போவதில்லை. அதே இறுக்கத்தால் ஆலையில் குருணை குறைகிறது, கிடங்கில் வண்டு துளைப்பதும் சிரமமாகிறது. அவிக்கும் சூட்டில் எண்ணெயைக் கெடுக்கும் நொதியும் செத்துப்போகிறது. சேமிப்புக்கும் உடலுக்கும் ஒருசேர நன்மை செய்யும் முறை உலகத்தில் அதிகம் இல்லை. அதில் ஒன்று நம் வீட்டு முற்றங்களில் நூற்றாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. குன்னூர் ஆய்வகத்திலிருந்து மெக்காரிசன் இந்தியாவின் பெரிபெரியை ஆராய்ந்தபோதும் இதே படம்தான் தெரிந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் நோய் இருந்தது, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அநேகமாக இல்லை. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடித்ததும், நீராகாரமும் இதற்குத் துணையாக இருந்திருக்க வேண்டும். நீரில் கரைந்த சத்து அந்தக் கஞ்சியில்தானே இருக்கிறது.

புழுங்கலிலும் குறை உண்டு. பழைய முறையில் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடக்கும் நெல் புளித்து நாற்றமெடுக்கும். களத்தில் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வெந்நீரில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்து நாள்கணக்கை மணிக்கணக்காகக் குறைத்தது. திருவாரூரில் தொடங்கிப் பின் தஞ்சாவூருக்கு மாறிய நெல் பதன ஆய்வு மையம் அழுத்த முறையில் அவிப்பதை உருவாக்கியது. நம் அறிவியல் இதழ்கள் இவற்றைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை என்பது என் மனக்குறை.

பூசணத்தை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1988 அக்டோபரில் பேராக்கில் நூடுல்ஸ் சாப்பிட்ட பதின்மூன்று பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் போரிக் அமிலத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள், பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சையே முதன்மைக் காரணமாகக் காட்டின. கெடாமல் வைக்கச் சேர்த்ததும் தவறு, கெட்டது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்ததும் தவறு. உணவின் ஆயுளைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பிள்ளைகளை மறக்கக் கூடாது.

தம்போய்க்கு வருவோம். 1941 நவம்பரில், கட்டி முழுதும் முடியாத அந்த மனநல மருத்துவமனைக்குள் ஆஸ்திரேலியப் படையின் 2/13ஆம் பொது மருத்துவமனை வந்து குடியேறியது. சப்பானியர் தெற்கே இறங்கியதும் 1942 சனவரியில் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அந்தப் பிரிவின் செவிலியரில் ஒருவர் விவியன் புல்விங்கல். கப்பல் மூழ்கி பங்கா தீவில் கரையேறிய அவரோடு இருந்த செவிலியர் 21 பேர் சுட்டுக் கொல்லப்பட, குண்டடி பட்டு உயிர் தப்பியவர் அவர் ஒருவர்தான். அதன்பின் மூன்றரை ஆண்டுகள் சுமத்திராவின் முகாம்களில், அரைவயிற்றுச் சோற்றில் காலம் தள்ளினார். உடன் சிறைப்பட்ட செவிலியரில் எட்டுப் பேர் பட்டினியிலும் நோயிலும் அங்கேயே இறந்தார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட படைவீரர்களுக்கும் சிறை முகாமில் கிடைத்தது தீட்டிய அரிசிதான். சில வாரங்களிலேயே பெரிபெரி வந்தது. அங்கே கைதியாக இருந்த மருத்துவர் ஹியூ டி வார்டனர், வாந்தியும் கண் நடுக்கமும் மனக்குழப்பமுமாகப் படுத்தவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அந்தத் தாள்களைத் தகரத்தில் அடைத்து மண்ணில் புதைத்துக் காப்பாற்றி, போருக்குப் பின் 1947இல் 52 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். தயாமின் குறைந்தால் மூளை எப்படிக் கெடுகிறது என்பதற்கு இன்றும் காட்டப்படும் ஆவணம் அது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு இப்படிக் குறிப்பெடுக்க யாரும் இருக்கவில்லை. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். எத்தனை பேர் காலராவால், எத்தனை பேர் இந்த அரிசியால் என்று பிரித்துச் சொல்ல ஏடு இல்லை. புழுங்கலரிசியால் ஒரு நோயின் காரணத்தையே உலகுக்குக் காட்டிய மக்கள், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே நோய்க்கு இரையாக்கப்பட்டார்கள்.

டி வார்டனர் எழுதிய நோய் மனநல மருத்துவமனைகளில் இன்னும் முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் குடித்துச் சோற்றைத் தவிர்த்தவர்கள், சம்சு என்னும் மலிவுச் சாராயத்தில் உடம்பை விட்டவர்கள், தள்ளாடிக்கொண்டும் நினைவு தப்பியும் வரும்போது பி1 ஊசி உடனே போட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே போட வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழக்கம். குளுக்கோஸை எரிக்கவே உடலுக்குத் தயாமின் வேண்டும். இருக்கும் கொஞ்சத்தையும் அது இழுத்துக்கொண்டால் மூளை தாங்காது. மலிவான ஊசி, பலனோ பெரிது.

மனநோயாளிகளின் ஆயுள் பற்றிய இன்றைய ஆய்வுகள் வேறு திசையில் கவலைப்படுகின்றன. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணங்களில் தற்கொலை ஒரு பகுதிதான். பெரும்பகுதி மாரடைப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், நுரையீரல் நோய். மனத்தைத் தெளிய வைக்கும் சில மருந்துகளே எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. குளோசபின் அப்படிப்பட்ட மருந்து. ஆனால் பின்லாந்தில் பதினோரு ஆண்டுத் தரவை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, அதை எடுத்தவர்களிடையேதான் இறப்பு மிகக் குறைவு என்று கண்டது. மனம் நிலைப்பட்டவர் உடலையும் பார்த்துக்கொள்கிறார், மருத்துவரிடமும் தவறாமல் வருகிறார் என்பது ஒரு விளக்கம். மருந்தை நிறுத்துவதால் ஆயுள் கூடிவிடாது. மருந்தோடு சர்க்கரையையும் இடுப்பளவையும் பார்த்துவர வேண்டும்.

பொருளைக் கெடாமல் வைக்கும் ஆய்வு இதற்குள் அரிசியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. பறித்த பழமும் மூச்சுவிடுகிறது. அந்த மூச்சைத் தளரவிட்டால் பழம் நிற்கும். கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் இருவரும் ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமிலவாயுவைக் கூட்டி ஆப்பிளைப் பல மாதம் வைத்துக் காட்டினார்கள்; 1929இல் கென்ட் பகுதியில் முதல் வணிகக் கிடங்கு வந்தது. ஆனால் அளவு தப்பினால் பழம் உள்ளுக்குள்ளேயே புளித்துவிடும். குளிரும் அப்படித்தான். பதின்மூன்று பாகைக்குக் கீழே வாழைப்பழம் கறுக்கும், ஜொகூரின் அன்னாசி உள்ளே பழுப்பேறும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், கொழும்பில் உள்ள தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்த ஹெக்ஸனால் ஆய்வு இதில் நாம் பெருமைப்படத்தக்கது. வெட்டிய புல்லில் வாசமடிக்கும் அதே பொருள், பழத்தின் உயிரணுச் சவ்வை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. மரத்திலேயே தெளித்த மாம்பழம் கூடுதல் நாள் நின்றது. பெரிய குளிர்கிடங்கு இல்லாத உழவருக்கு இது உதவும்.

குளிரால் உயிரைத் தளரவிடும் அறிவு மனித உடலுக்கும் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான கரைசலில் குளிரவைத்தால் தானமாக வந்த சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். இதயம் நான்கைந்து மணி நேரந்தான். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் உடலை 33.5 பாகைக்குக் குளிர்வித்து மூன்று நாள் வைத்தால் மூளை பிழைக்கிறது என்று மேலை நாட்டுச் சோதனைகள் காட்டின. பிறகு சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வங்காளதேசத்திலும் 408 குழந்தைகளிடம் அதே சோதனை நடந்தது. 2021இல் முடிவு வந்தபோது, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காடும் மற்றவர்களில் 31 விழுக்காடும் இறந்திருந்தார்கள். லண்டனில் காத்த குளிர் இங்கே காக்கவில்லை. தாயின் உடல்நிலை, பேறுகால வலியின் நீளம், பாதிப்பு எப்போது தொடங்கியது என்பதெல்லாம் இங்கே வேறு. காரணம் இன்னும் தேடப்படுகிறது. ஓரிடத்து முடிவை அப்படியே இன்னோரிடத்துக்கு எடுத்துவரக் கூடாது என்பதை நம் மருத்துவர்களே நம் மண்ணில் நிறுவிய இந்த ஆய்வைத் தமிழ் ஏடுகள் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டும்.

எனக்கு இன்று அவசரமாகப் படுவது மீண்டும் அரிசியேதான். பசிக்காலத்தில் வெள்ளை அரிசி பெரிபெரி தந்தது. நிறைந்த காலத்தில் சர்க்கரை தருகிறது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, வெள்ளை அரிசி மிகுதியாக உண்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுவதையும், அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருப்பதையும் காட்டியது. சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் அதில் முன்னின்றவர்கள்; நார்ச்சத்து கூடிய வெள்ளை அரிசி ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள். மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசிய நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. நன்கு அவித்த புழுங்கல், வகையைப் பொறுத்து, பச்சரிசியைவிடச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது என்று பல சோதனைகள் சொல்கின்றன. எடை கூட்டும் மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுப்பவரிடம் அது எவ்வளவு உதவும் என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும். நெடுநாள் தங்கும் மனநல வார்டுகளில், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் முறையாகச் சம்மதம் பெற்று, ஆறு மாதம் ஒரு வார்டுக்குப் புழுங்கலும் இன்னொன்றுக்கு வழக்கமான அரிசியும் கொடுத்து, பிறகு மாற்றிக் கொடுக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, எடை, இடுப்பளவு, தட்டில் மிஞ்சிய சோறு, இந்த நான்கையும் குறித்துக்கொண்டால் போதும். கடைசிக் கணக்கு முக்கியம். பழக்கமில்லாத சோற்றை நோயாளி ஒதுக்கிவைத்தால், அதிலுள்ள சத்தால் அவருக்குப் பயன் ஏதுமில்லை.